ஏன் மறுக்கிறார் வாத்தியார்?

"மாற்று!" என்கிறார் மேலதிகாரி. "ஆகட்டும்!" என்கிறார் வாத்தியார். ஆணையிலே கையெழுத்திடுகிறார், கோப்பிலே கோத்து வைக்கிறார், வகுப்பறைக்குள் நுழைகிறார், நேற்று எப்படி நடத்தினாரோ அப்படியே இன்றும் நடத்துகிறார். வாய் சொன்னது, ஆகட்டும். கை சொல்வது, ஆகாது!

எழுகிறது உடனே ஏச்சும் பேச்சும். "சோம்பேறிகள்! மாதம் பிறந்தால் சம்பளம், மணி அடித்தால் வீடு. மாணவன் எக்கேடு கெட்டால் இவர்களுக்கென்ன?" என்று அலுவலகத்திலே ஒரு குரல். தேநீர்க் கடையிலே அதற்கோர் எதிரொலி. பெற்றோர் கூட்டத்திலே அதற்கோர் ஆமாம்!

தோழர்களே! அந்த ஆமாமோடு நம்முடைய ஆமாமையும் சேர்த்திடுமுன் ஒரு கணம் நில்லுங்கள். உழைத்துப் பிழைப்பவர் நாம். ஆலையிலே புதிய இயந்திரம் வந்து இறங்கியபோது, இரண்டு தறி பார்த்தவனை நான்கு தறி பார்க்கச் சொன்னபோது, நம்மவர் முகம் சுளித்தார்களே, அப்போது முதலாளி மாளிகையிலே நடந்த பேச்சு என்ன? "சோம்பேறிகள்! முன்னேற்றத்தின் விரோதிகள்!" — இதே பேச்சுத்தான். உண்மை என்ன என்பது நமக்குத் தெரியும். வேலை போய்விடுமோ என்ற அச்சம், பாடுபட்டுக் கற்ற கைத்திறன் செல்லாக் காசாகிவிடுமோ என்ற கவலை, எல்லாவற்றுக்கும் மேலாக, "என் கையால் நடக்கிற வேலையாயிற்றே, என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?" என்ற மான உணர்ச்சி. அந்த உணர்ச்சி ஆலைத் தொழிலாளிக்கு உண்டென்றால், கரும்பலகைத் தொழிலாளிக்கு மட்டும் இல்லாமற் போகுமா?

பள்ளி மாற வேண்டும், அதிலே ஐயமில்லை. பணம் படைத்தவன் பிள்ளைக்கு ஒரு பள்ளி பிடிக்காவிட்டால் ஒன்பது பள்ளி உண்டு. மூட்டை தூக்குகிறவன் மகளுக்கும், சித்தாள் வேலைக்குப் போகிறவள் மகனுக்கும் அரசுப் பள்ளி ஒன்றுதான் புகலிடம். அது மாறாவிட்டால் அந்தப் பிள்ளையின் வாழ்வு மாறாது. ஆனால், அந்தப் பள்ளியை மாற்றுகிற கை எது? ஆணை எழுதுகிற கையா? இல்லை, சுண்ணாம்புக் கட்டி பிடித்த கை. அந்தக் கை ஏன் மறுக்கிறது என்று படிக்கத் தெரியாதவன் பள்ளியைத் திருத்தப் புறப்படுவது, எழுத்தறியாதவன் ஏடு திருத்தப் புறப்படுவது போல!

சான்று தேடித் தொலைதூரம் ஓட வேண்டாம். நமது சென்னையிலேயே இரண்டு சான்றுகள் உள்ளன. முன்னதற்கும் பின்னதற்கும் இடையே இருநூறு ஆண்டுக்கு மேல்!

எழும்பூரில் பரப்பிய மணல்

ஆண்டு 1789. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி. எழும்பூரிலே, படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கென ஒரு விடுதிப் பள்ளி. அதன் மேற்பார்வையாளராக வந்தமர்ந்தார், ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். பள்ளியிலே ஆசிரியர்கள் இருந்தனர், பாடம் நடந்தது, ஆனால் பிள்ளைகளின் படிப்பு அவருக்கு நிறைவளிக்கவில்லை.

ஒருநாள், குதிரையேறிச் செல்கிற வழியிலே நம் நாட்டுப் பள்ளி ஒன்றைக் கண்டார். அங்கே காகிதம் இல்லை, மை இல்லை. தரையிலே மணல், மணலிலே பிஞ்சு விரல், விரல் நுனியிலே எழுத்து! எழுதுகின்றன பிள்ளைகள், அழிக்கின்றன, மறுபடி எழுதுகின்றன. காசு செலவில்லாத கல்வி! கண்டார் பெல், களித்தார். பள்ளிக்குத் திரும்பியதும், "இனி அகர முதல் எழுத்துகளை இப்படிக் கற்றுத் தருக" என்று ஆசிரியரைப் பணித்தார்.

ஆசிரியர் என்ன சொன்னார்? "ஆகாத காரியம்" என்றார்!

பெல் என்ன செய்தார்? ஆசிரியரை வழிக்குக் கொண்டுவரும் முயற்சியை விட்டார். ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனை அழைத்தார். வகுப்பை அவன் கையிலே ஒப்படைத்தார். பெரியவர் ஆகாது என்றது சிறியவனால் ஆயிற்று! ஒரு சிறுவனைத் தொடர்ந்து பல சிறுவர்; ஒரு வகுப்பைத் தொடர்ந்து பள்ளி முழுவதும். சட்டாம்பிள்ளைகளே பாடம் சொல்லித் தரும் முறை உருவாயிற்று. ஊர் திரும்பிய பெல், 1797-ல் லண்டனிலே இதைப் பற்றி நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலே அது பரவியது. நம் ஊர் மணல் சீமைக்குப் போயிற்று! ஸ்காட்லாந்தின் செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரிலே பெல் விட்டுச் சென்ற பணத்தால் எழுந்த பள்ளி, இன்றளவும் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பெயரையே தாங்கி நிற்கிறது.

கைதட்டத் தோன்றுகிறதல்லவா? "பார், வாத்தியார் மறுத்தார், அவரை ஒதுக்கித் தள்ளிவிட்டு வென்றார் பெல்!" என்று கூறத் தோன்றுகிறதல்லவா? கதை அத்தோடு முடியவில்லை, தோழர்களே! சீமையிலே அந்த முறை எப்படி ஆயிற்று? ஒரே ஆசிரியர், நூற்றுக்கணக்கான பிள்ளைகள், இடையிலே சட்டாம்பிள்ளைகள். செலவு குறைந்தது, மேலிடத்தாருக்கு மகிழ்ச்சி. ஆனால் சட்டாம்பிள்ளை தனக்குத் தெரிந்ததைத்தானே தர முடியும்? எழுத்தைத் தந்தான், எண்ணிக்கையைத் தந்தான், மனப்பாடம் தந்தான். 'ஏன்' என்று கேட்ட பிள்ளைக்கு அவன் எதைத் தருவான்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அந்த முறை செல்வாக்கிழந்தது. 1846-ல் பிரிட்டிஷ் அரசு, இளைஞரை ஆண்டுக்கணக்கிலே பழக்கி ஆசிரியராக்கும் திட்டத்துக்குத் திரும்பிற்று. ஒதுக்கித் தள்ளப்பட்ட ஆசிரியரைத் தேடித்தான் ஊர் மீண்டும் வந்தது!

மறுக்கிற ஆசிரியரை விலக்கிவிட்டு மாற்றத்தைக் கொண்டுவரலாம். விரைவாகவும் கொண்டுவரலாம், மலிவாகவும் கொண்டுவரலாம். ஆனால் அந்த மாற்றம் எட்டு வயதுச் சிறுவனின் உயரத்துக்கு மேலே வளராது.

பாய் விரித்த வகுப்பறை

வாருங்கள், 2003-ஆம் ஆண்டின் சென்னைக்கு. மாநகராட்சி ஆணையராக இருந்தவர் எம்.பி. விஜயகுமார். மாநகராட்சிப் பள்ளியிலே ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருந்தும் எழுதப் படிக்கத் தடுமாறும் பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்பட்டார். ஆந்திரத்திலே மதனப்பள்ளிக்கு அருகே ரிஷி பள்ளத்தாக்கு. அதைச் சுற்றியுள்ள கிராமப் பள்ளிகளிலே அட்டைகளைக் கொண்டு, ஏணிப்படி போலப் பாடத்தை அடுக்கி, பிள்ளை தன் வேகத்திலே கற்கும் முறை நடந்து வந்தது. மாநகராட்சி ஆசிரியர்கள் அங்கே அனுப்பப்பட்டனர், கண்டு வந்தனர். முதலில் 13 பள்ளிகள். பிறகு சென்னை மாநகராட்சியின் தொடக்கப் பள்ளிகள் அனைத்தும். 2007-08 கல்வியாண்டிலே தமிழ்நாடெங்கும் 37 ஆயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகள். 'செயல்வழிக் கற்றல்' என்று பெயர்.

என்ன நடந்தது வகுப்பறையிலே? பாய் விரிக்கப்பட்டது. வட்டமாக அமர்ந்தன பிள்ளைகள். சுவரின் அடிப்பகுதியிலே, பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்திலே, கரும்பலகை. தலைக்கு மேலே கட்டிய கம்பியிலே பிள்ளைகள் வரைந்த படங்களின் ஊர்வலம். சுவரிலே ஏணிப்படம், அதிலே விலங்கும் பறவையும் சின்னங்களாக. எந்தச் சின்னம் வரை ஏறியிருக்கிறோம் என்று பிள்ளைக்கே தெரியும். தானே எழுந்து, தட்டிலிருந்து தன் அட்டையைத் தானே எடுத்துவரும். ஒரு குழுவுக்கு ஆசிரியர் கற்றுத் தருவார். ஒரு குழுவிலே பிள்ளைக்குப் பிள்ளை துணை. இன்னொரு குழு தானே முயலும்.

இதிலே ஏழைக்கு என்ன ஆதாயம் என்கிறீர்களா? சொல்கிறேன். செங்கல் சூளைக்கோ, கட்டட வேலைக்கோ தாய் தந்தை போனார்கள். பிள்ளையும் உடன் போயிற்று. பதினைந்து நாள் கழித்துத் திரும்பியது. பழைய வகுப்பறையிலே அந்தப் பிள்ளையின் கதி என்ன? பாடம் பத்துப் பக்கம் ஓடிவிட்டிருக்கும், பிள்ளை விழிக்கும், "மக்கு" என்ற பட்டம் விழும், ஒருநாள் பள்ளிக்கு வருவதே நின்றுவிடும். ஏணி முறையிலே? எந்தப் படியிலே விட்டதோ அந்தப் படியிலிருந்து ஏறலாம். பாடம் பிள்ளைக்காகக் காத்திருக்கும்! இதை விடவா பாட்டாளி வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பரிவு வேண்டும்?

இத்தனை நல்ல ஏற்பாட்டுக்கும் ஆசிரியர்களிடையே முணுமுணுப்பு! சில இடங்களில் வாய்விட்ட எதிர்ப்பு. பல இடங்களில் வாய் திறவாத எதிர்ப்பு. அட்டைகள் பெட்டியிலே உறங்கின; பார்வையிடுபவர் வரும் நாளன்று விழித்தன. ஏன்?

நாற்காலியின் வரலாறு

பாயில் அமர் என்றார்கள் ஆசிரியரை. சிறு செய்தி போலத் தெரிகிறது, சிறு செய்தியல்ல! இந்த மண்ணிலே யார் எங்கே அமரலாம் என்பதற்காக எத்தனை தலைமுறைகள் இழிவு சுமந்தன! திண்ணையின் ஓரத்திலேகூட நிற்க விடப்படாத குடும்பங்கள் எத்தனை! அத்தகைய குடும்பத்திலே ஒரு பிள்ளை, அரைப்பட்டினி கிடந்து படித்தான், ஆசிரியப் பயிற்சி பெற்றான், வேலைக்கு வந்தான். வகுப்பறையிலே ஒரு நாற்காலி. அவன் பரம்பரையிலே முதல் நாற்காலி! அப்பன் கைகட்டி நின்ற ஊரிலே மகன் அமர்ந்தான். ஊர்ப் பெரியவன் பிள்ளையும் எழுந்து நின்று வணக்கம் சொன்னான். அந்த நாற்காலி வெறும் மரமா? வென்றெடுத்த மானம்!

ஒரு காலைப்பொழுதில் ஆணை வருகிறது: "இறங்கித் தரையில் அமர்க!"

அதிகாரி பாயைப் பார்த்தார். அதிலே சமத்துவம் தெரிந்தது. ஆசிரியர் பாயைப் பார்த்தார். அதிலே தன் தந்தை அமர்த்தப்பட்ட தரை தெரிந்தது! இருவர் பார்த்ததும் ஒரே பாய்தான். ஒருவர் கண்டது மற்றவருக்குத் தெரியவில்லை; தெரிவிக்க யாரும் முயலவுமில்லை. "இறங்கச் சொல்லவில்லை ஐயா உங்களை, துப்புரவுத் தொழிலாளியின் மகளை உங்கள் உயரத்துக்கு ஏற்றச் சொல்கிறோம்" என்று எடுத்துச் சொல்லியிருந்தால், அந்த ஆசிரியரல்லவா முதல் ஆளாகப் பாய் விரித்திருப்பார்? அப்படி எடுத்துச் சொல்லப்பட்ட இடங்களிலே மனமுவந்து அமர்ந்தவர்களும் உண்டு. சுற்றறிக்கை மட்டும் போய்ச் சேர்ந்த இடங்களிலேதான் நாற்காலி நகரவில்லை.

மறுப்பின் உள்ளே மறைந்து கிடப்பவை

நாற்காலியோடு முடிந்ததா? இல்லை. இன்னும் உண்டு.

இருபது ஆண்டுகளாக ஓர் ஆசிரியர் கதை சொல்லிப் பாடம் நடத்துகிறார். அவர் குரல் எழுந்தால் வகுப்பு அடங்கும். அவர் சிரித்தால் வகுப்பு சிரிக்கும். அதுதான் அவருடைய தொழில்திறன். "இனிப் பேசாதீர், அட்டை பேசும்" என்றால், நேற்றுவரை நாட்டாமை செய்தவர் இன்று சரக்குக் கிடங்குக் காவலராகிவிட்டதாக எண்ணமாட்டாரா? கைவினைஞன் கையிலிருந்து உளியைப் பிடுங்குவது போலத்தானே!

மேலும் ஒன்று. ஆசிரியர் தொழிலை எங்கே கற்கிறார் ஆசிரியர்? பயிற்சிப் பள்ளியிலா? அதற்கு முன்பே கற்றுவிடுகிறார். அமெரிக்க அறிஞர் டான் லார்ட்டி, ஆசிரியர்களைப் பற்றி 1975-ல் வெளியிட்ட நூலில் கணக்கிட்டுக் காட்டினார்: அந்நாட்டில் ஒருவர் பள்ளிப்படிப்பை முடிக்குமுன் ஏறத்தாழ 13,000 மணி நேரம் ஆசிரியர்களின் எதிரே அமர்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்துவிடுகிறார் என்று. பதின்மூன்றாயிரம் மணி நேரம் பார்த்துப் பதிந்ததைப் பத்து நாள் பயிற்சி துடைத்துவிடுமா? தன் ஆசிரியர் தன்னை நடத்தியது போலவே தன் மாணவரை நடத்துகிறார் அவர். மாமியாரிடம் பட்டதை மருமகளிடம் காட்டும் கதைதான்!

பெற்றோர் பக்கம் பாருங்கள். "புத்தகம் எங்கே? வீட்டுப்பாடம் எங்கே? பிள்ளை விளையாடிக்கொண்டல்லவா இருக்கிறான்?" என்று வாசலிலே வந்து நிற்கிறார் தந்தை. திட்டம் தீட்டியவரையா அவர் கேட்கிறார்? கேட்பது கண்ணெதிரே இருக்கும் ஆசிரியரை! பதில் சொல்ல வேண்டியவர் அவர். முடிவு செய்தவர் வேறொருவர்.

வேலைச் சுமையோ சொல்லி மாளாது. ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள் இருக்கும் தொடக்கப் பள்ளிகள் தமிழ்நாட்டில் ஏராளம். அதிலே ஒருவர் விடுப்பில் போனால், மற்றவர் ஒருவரே பள்ளி! அட்டை கிழியும், சின்னம் தொலையும், மாற்று அட்டை வந்து சேர மாதமாகும். இத்தனைக்கும் நடுவிலே பதிவேடு எழுத வேண்டும். இப்போதோ 'எமிஸ்' என்னும் கணினிப் பதிவும் சேர்ந்துவிட்டது. பாடம் நடத்த நேரம் எங்கே என்று ஆசிரியர் கேட்டால், அது சாக்கா, சத்தியமா?

எல்லாவற்றுக்கும் சிகரமாக ஒன்று. 2000-ஆம் ஆண்டிலே வேலைக்குச் சேர்ந்த ஓர் ஆசிரியரை எண்ணிக் கொள்ளுங்கள். 2007-08-ல் செயல்வழிக் கற்றல் வந்தது. 2010-11-ல் சமச்சீர்க் கல்வியின் புதிய நூல்கள் வரத் தொடங்கின. 2012-13-ல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன. 2018-19-ல் மீண்டும் புதிய பாடநூல்கள். 2022-23-ல் 'எண்ணும் எழுத்தும்'. ஒவ்வொன்றிலும் நல்லது உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் "இதுவே இறுதி, இதுவே உறுதி" என்ற முழக்கத்தோடுதான் வந்தது. ஏன் முந்தையது போயிற்று, அதிலே எது வென்றது, எது தோற்றது என்று ஆசிரியரிடம் அமர்ந்து கணக்குப் பார்த்தவர் எத்தனை பேர்? அதனால்தான் அனுபவசாலி ஆசிரியர் புன்னகைக்கிறார்: "இதுவும் போகும், நான் இருப்பேன்!" அந்தப் புன்னகைக்குப் பெயர் சோம்பல் அல்ல. பலமுறை ஏமாந்தவன் கற்றுக்கொண்ட தற்காப்பு!

தையல் ஆலை சொன்ன கணக்கு

இந்த மறுப்பைக் கண்ணால் கண்டு, எண்ணால் அளந்தவர்களும் உண்டு. அது நடந்தது பள்ளியிலே அல்ல; தொழிலாளர் நிறைந்த ஆலையிலே. ஆகவே நமக்கு எளிதிலே விளங்கும்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலே மேரியன் என்ற ஊர். அங்கே ஹார்வுட் என்ற ஆடைத் தொழிற்சாலை. இரவு உடைகள் தைப்பது தொழில். வேலையில் சிறு மாற்றம் செய்தாலும் தொழிலாளர் சோர்ந்தனர், உற்பத்தி சரிந்தது, பலர் விலகினர். ஏன் என்று ஆராய்ந்தனர் கோச், பிரெஞ்ச் என்ற இருவர். 1948-ல் முடிவை வெளியிட்டனர்.

தொழிலாளரைக் குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்கு மாற்றத்தை அறிவித்தார்கள், விளக்கினார்கள், "செய்யுங்கள்" என்றார்கள், கருத்துக் கேட்கவில்லை. என்ன பெரிய மாற்றம்? தேய்த்த துணியைத் தட்டை அட்டையின் மேல் அடுக்கியவர்கள், இனிப் பெட்டிக்குள் அடுக்க வேண்டும். அவ்வளவுதான்! விளைவு? மணிக்கு 60 என்று இருக்க வேண்டிய உற்பத்தி அளவு 50 அளவிலே தங்கிவிட்டது, ஏறவே இல்லை. மேற்பார்வையாளரோடு சச்சரவு. 40 நாட்களுக்குள் நூற்றுக்குப் பதினேழு பேர் வேலையை விட்டே போயினர்!

மற்றக் குழுக்களை அழைத்து அமர்த்தினார்கள். "செலவைக் குறைக்க வேண்டியிருக்கிறது, வழி என்ன? நீங்களே சொல்லுங்கள்" என்றார்கள். தொழிலாளர் வழி சொன்னார்கள். புதிய முறையை வகுப்பதிலே கலந்து கொண்டார்கள். முழுதாகக் கலந்து கொண்ட குழுக்களின் உற்பத்தி விரைவிலே பழைய அளவை எட்டியது; எட்டியதோடு நில்லாமல் நூற்றுக்குப் பதினான்கு அளவு மேலே போயிற்று. அந்த நாட்களில் ஒருவர்கூட விலகவில்லை.

இன்னும் சுவையானது பின்கதை. மறுத்து முரண்டு பிடித்த அந்த முதல் குழுவிலே எஞ்சியவர்களைச் சில மாதம் கழித்து மீண்டும் கூட்டினார்கள். இம்முறை கேட்டார்கள், கலந்தார்கள். அதே ஆட்கள், இப்போது முன்னேறினார்கள்! ஆகவே கோளாறு ஆளிலே இல்லை, அழைத்த முறையிலே!

துணியை அடுக்குகிற அட்டையை மாற்றவே இத்தனை பாடு என்றால், பிள்ளையின் உள்ளத்தை ஆக்குகிற தொழிலை மாற்ற எத்தனை பக்குவம் வேண்டும்!

எல்லா மறுப்பும் ஒன்றா?

இங்கே ஒரு கேள்வி எழும், எழ வேண்டும். "அப்படியானால் வாத்தியார் மறுப்பதெல்லாம் நியாயந்தானா? மறுத்தால் நிறுத்திவிட வேண்டியதுதானா?"

இல்லை, தோழர்களே! மறுப்பிலே தரம் உண்டு. அது யாரைக் காக்கிறது என்று பார்த்தால் தரம் தெரிந்துவிடும்.

பிள்ளையைக் காக்கும் மறுப்பு ஒன்று உண்டு. 1953-ல் சென்னை அரசு, கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பயிலட்டும் என்றது. நாடு கொதித்தது. குலக்கல்வி என்று பெயரிட்டுக் குமுறியது. 1954-ல் காமராசர் ஆட்சிக்கு வந்ததும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 'சீர்திருத்தம்' என்று மேலே எழுதியிருந்தால் உள்ளே உள்ளதெல்லாம் சீரும் அல்ல, திருத்தமும் அல்ல. அன்று மறுத்தவர்கள் மாற்றத்தின் பகைவர்களா? மறுப்புத்தான் அன்று பிள்ளைகளின் எதிர்காலத்துக்குக் காவல்! ஆகவே, "இரண்டு ஆசிரியரைக் கொண்டு ஐந்து வகுப்புக்கு இது ஆகாது, பிள்ளைதான் கெடும்" என்று ஓர் ஆசிரியர் சொன்னால், அந்த மறுப்பைக் கைகூப்பி வாங்கிக் கேட்க வேண்டும்.

தன் மானத்தைக் காக்கும் மறுப்பு இரண்டாவது. நாற்காலியைப் பற்றிச் சொன்னேனே, அது இந்த வகை. அதை அதட்டக்கூடாது, ஆற்ற வேண்டும். மானத்தை விட்டுவிடச் சொல்லாமல், மானத்துக்கு வேறோர் இருக்கை காட்ட வேண்டும்.

மூன்றாவது வகையும் இருக்கிறது. அதை மூடி மறைக்க மாட்டேன். "இந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் படிப்பு ஏறாது, இவனுங்க அப்பன் செய்த வேலையையே செய்யப் போகிறவனுங்க, இவனுங்களுக்குப் பாயென்ன, படமென்ன?" — இப்படிக் கேட்கிற மறுப்பு! பிள்ளையின் பெயரைப் பார்க்குமுன் அதன் தெருவைப் பார்க்கிற மறுப்பு! இது மான உணர்ச்சி அல்ல, மேல்சாதித் திமிர். சில வேளைகளில், மேல்சாதியில் பிறவாதவரும் இரவல் வாங்கி உடுத்திக் கொள்ளும் திமிர். இதனோடு சமரசம் இல்லை. சட்டம் இதனைச் சந்திக்கட்டும்.

பிரம்பை எடுத்துக் கொள்ளுங்கள். 2003-லேயே தமிழ்நாட்டில் கல்வி விதி திருத்தப்பட்டு, பள்ளியிலே அடிப்பது தடை செய்யப்பட்டது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், அதன் 17-ஆம் பிரிவிலே, உடலை வருத்தும் தண்டனையையும் உள்ளத்தை வருத்தும் தொல்லையையும் நாடு முழுவதற்கும் தடுத்துவிட்டது. "கையைக் கட்டிவிட்டார்களே! அடியாத மாடு படியாதே!" என்று புலம்புகிறவர் உண்டு. மாடு படிவதற்கு அடிக்கலாம் என்றவன் மாட்டைப் பற்றிச் சொன்னான். நாம் பேசுவது மனிதப் பிள்ளையைப் பற்றி! பிரம்பு திரும்பி வராது, வரவும் கூடாது. ஆனால் அங்கேயும் ஒரு நியாயம் ஒளிந்திருக்கிறது, பாருங்கள். ஐம்பது பிள்ளைகளை அடங்க வைக்க அவருக்குத் தெரிந்த ஒரே கருவி அது. அதைப் பிடுங்கினோம், பதிலாக எதைக் கொடுத்தோம்? அடிக்காமல் அடக்கும் கலையைக் கற்றுத் தந்தோமா? துன்புறும் பிள்ளையின் மனம் அறிந்து பேச ஒரு துணையாளரைப் பள்ளிக்குப் பள்ளி அனுப்பினோமா? தடை போட ஒரு வரி போதும். மாற்று வழி தர உழைப்பு வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

மேலே இருப்போருக்கு முதலில் சொல்வேன். ஆணை எழுதுமுன் ஆசிரியரை அழையுங்கள். அழைத்துப் பேசிவிட்டு அனுப்பாமல், அவர் சொன்னதிலே எதை ஏற்றீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று சொல்லி அனுப்புங்கள். கேளாமலே இருப்பது ஓர் அவமதிப்பு. கேட்டுவிட்டுக் குப்பையிலே போடுவது இரட்டை அவமதிப்பு. பதின்மூன்று பள்ளியிலே வென்றது முப்பத்தேழாயிரம் பள்ளியிலும் அதே வேகத்திலே வெல்லும் என்று எண்ணாதீர்கள். அந்தப் பதின்மூன்றின் ஆசிரியர்கள் நேரே சென்று கண்ணால் கண்டார்கள். மற்றவர்களுக்கு வந்து சேர்ந்தது காகிதம். கண்டவன் நம்புவான்; காகிதம் பெற்றவன் கையெழுத்திடுவான். ஆசிரியருக்கு ஆசிரியரே சாட்சி சொல்லட்டும். புதிய சுமை ஒன்றை ஏற்றும்போது பழைய சுமை ஒன்றை இறக்குங்கள். பாயிலே அமரச் சொன்னால், பள்ளியைப் பார்வையிட வரும் நீங்களும் பாயிலேயே அமருங்கள். அப்போது தெரியும், அது தாழ்ந்த இடம் அல்ல என்பது!

ஆசிரியத் தோழர்களுக்கும் ஒரு சொல். மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதை மறைவிலே பயன்படுத்தாதீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு மறுப்பது உங்களைக் காக்கும், பள்ளியைக் காக்காது. வெளியே வந்து, காரணத்தோடு, கணக்கோடு மறுத்துப் பேசுங்கள். சங்கம் இருக்கிறது; சம்பள உயர்வுக்கு முழங்கும் அதே மேடையிலே, "இந்த அட்டையிலே இந்தக் குறை; அதற்கு இது மாற்று" என்றும் முழங்கட்டும். அப்போது உங்களைச் சோம்பேறி என்று சொல்ல எவருக்கு வாய் வரும்? ஆனால் மறுக்குமுன் உங்கள் மனத்தையே கேளுங்கள்: "நான் காப்பது பிள்ளையையா, என் வசதியையா?" விடை உங்களுக்கு மட்டும் தெரியும்.

கடைசியாக நமக்கு. கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிதோறும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதிலே நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். ஆலைக்கும் சந்தைக்கும் போகிற நாம்தான் அந்தப் பெற்றோர்! அந்தக் குழுவிலே இடம் பெற்றுவிட்டு, கூட்டத்துக்குப் போகாமலிருப்பதும், போனால் தேநீர் பருகிக் கையெழுத்திட்டுத் திரும்புவதும் யாருக்கு நட்டம்? போங்கள்; ஆசிரியரை வையப் போகாதீர்கள். "ஐயா, இந்தப் புதிய முறையிலே உங்களுக்கு எது கடினம்? நாங்கள் என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். ஆள் குறைவென்றால், ஆள் கேட்டு மனு எழுதுங்கள். அட்டை கிழிந்ததென்றால், புதிது கேட்டு மேலிடத்துக்கு நடங்கள். பிள்ளை விளையாடுகிறானே என்ற ஐயம் உங்களுக்கே இருந்தால், ஒருநாள் வகுப்பிலே அமர்ந்து பாருங்கள். கேட்பாரற்றுப் போனவன்தான் முரண்டு பிடிப்பான். கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தவன் தோள் கொடுப்பான்.

எட்டு வயதுச் சிறுவனிடம் வகுப்பைக் கொடுத்தார் பெல். வேறு வழி அவருக்குத் தெரியவில்லை. நமக்குத் தெரியும். ஆலைக் கதவிலே நின்று "எங்களையும் கேள்!" என்று குரல் கொடுத்த நாம், பள்ளிக் கதவிலே நிற்கிற வாத்தியாரைக் கேளாமல் விடலாமா? கேட்போம். கேட்டால் மறுப்பு மாறும். மறுப்பு மாறினால் பள்ளி மாறும். பள்ளி மாறினால் பாட்டாளி வீட்டுப் பிள்ளை, விட்ட படியிலிருந்து மீண்டும் ஏறும்!